உடை கேள்வி-பதில்: விலைச்சீட்டுக்கு முன்னால் தோள்பட்டை

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான், சொற்கள் மட்டும் வேறு: துணி நிறைய இருக்கிறது, உடுத்த ஒன்றுமில்லை, கையில் காசும் இல்லை. சரி, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கேள்வி: அக்கா, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அலமாரியைத் திறந்தால் துணி தலையில் விழுகிறது, ஆனால் காலையில் போட ஒன்றும் அகப்படுவதில்லை. சம்பளமும் குறைவு. பழையதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமா? (புதிதாக வேலைக்குப் போகும் வாசகி)

தூக்கிப் போடாதீர்கள். இதைவிடச் செலவு வைக்கும் யோசனை வேறு கிடையாது. ஒரு விடுமுறை நாளில் இருக்கும் அத்தனையையும் கட்டிலில் கொட்டுங்கள், அத்தனையும் என்றால் பெட்டிக்குள் மடித்து மறந்துபோனதையும் சேர்த்துத்தான். முதலில், போன ஒரு மாதத்தில் நிஜமாகவே போட்டவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். பத்துப் பன்னிரண்டு தேறினாலே அதிகம். அந்தச் சின்னக் குவியலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள், கழுத்து எப்படி இருக்கிறது, நீளம் எதுவரை வருகிறது, என்ன துணி, என்ன நிறம் என்று. உங்கள் ரசனை அதில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் கடையில் நின்ற அந்த ஐந்து நிமிஷத்து ஆசை.

அப்புறம் போடாமல் கிடப்பவை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ஏன் போடவில்லை என்று இரண்டு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். அக்குளில் இறுக்கம். கழுத்தில் குத்துகிறது. பட்டன் போய்விட்டது. நீளம் அதிகம். இதற்குச் சேரும் பேண்ட் இல்லை. பட்டனுக்காகவும் ஓரம் மடிக்காததற்காகவும் எத்தனை நல்ல துணி வருஷக்கணக்கில் தூங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். அவற்றை ஒரு பையில் கட்டித் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். புதிதாக ஒன்று வாங்குகிற காசுக்குள் பழையது மூன்று நான்கு உயிர் பெற்று வந்துவிடும்.

'இதற்குச் சேரும் பேண்ட் இல்லை' என்ற காரணம் அடிக்கடி வந்தால், கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். எட்டு மேலாடை, இரண்டு கீழாடை வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 ஜோடி. இன்னொரு மேலாடை வாங்கினால் கூடுதலாக இரண்டு ஜோடிதான் கிடைக்கும், அதே காசில் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிற ஒரு கீழாடை வாங்கினால் எட்டு. ஆனால் கடைக்குள் நுழைந்தால் கை தானாக மேலாடைப் பக்கம்தான் போகும், பூவும் நிறமும் அங்கேதானே தொங்குகின்றன! லண்டனில் துணிக்கடை வைத்திருந்த சூசி ஃபோ 1970களில் பரப்பிய 'கேப்சூல் வார்ட்ரோப்' (ஒன்றோடொன்று சேரும் கொஞ்சம் உடைகள்) என்பதும், 1985ல் வடிவமைப்பாளர் டோனா கரன் ஏழு உடைகளை மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டியதும் இந்தப் பெருக்கல் கணக்குத்தான். அதற்காக ஏழா, முப்பதா என்று எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். சாம்பல், கருநீலம், பழுப்பு மாதிரி அடங்கிய நிறத்தில் மூன்று கீழாடை, அந்த மூன்றோடும் போகிற மேலாடைகள், அவ்வளவு இருந்தால் காலை நேரச் சண்டை ஓய்ந்துவிடும்.

கேள்வி: 40 சைஸ் சட்டை எனக்குத் தோளில் கச்சிதமாக இருக்கிறது, வயிற்றில் பிடிக்கிறது. 42 எடுத்தால் வயிறு சரி, தோள் தொங்குகிறது. எதை வாங்குவது? (ஐம்பதைத் தொடும் வாசகர்)

நல்ல கேள்வி சார், ஏனென்றால் உடை எடுபடுவதும் எடுபடாததும் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. கையைப் பக்கவாட்டில் மேலே தூக்குங்கள், தோளின் முனையில் ஒரு சின்னப் பள்ளம் விழும். கையை இறக்கியதும் சட்டையின் தோள் தையல் அந்த இடத்தில் உட்கார வேண்டும். அதைத் தாண்டிக் கைப்பக்கம் வழிந்தால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி இருக்கும், உள்ளே கழுத்துப் பக்கம் ஏறினால் கையைத் தூக்கும்போதெல்லாம் சட்டையும் கூடவே வரும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். ஒருமுறை நல்ல நீலத்தில், தொட்டால் கையை விட்டு வழுக்குகிற துணியில் ஒரு சட்டை, சைஸ் எண்ணைப் பார்த்தே வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து போட்டால் தோள் இரண்டு விரல் அகலம் கீழே. பக்கத்தைப் பிடித்துத் தைத்தால் போதும் என்று நினைத்துத் தையல்காரரிடம் கொண்டுபோனேன். அவர் சட்டையை உள்பக்கம் திருப்பி, தோள் தையலை நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டு, "இடுப்பு, கை நீளம், கீழ் ஓரம் எதுன்னாலும் சொல்லுங்க, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம். தோளைத் தொட்டா கையைப் பிரிக்கணும், அக்குளை வெட்டணும், காலரும் சரியா உக்காராது, பாதிச் சட்டையைத் திரும்பத் தைக்கிற வேலை" என்றார். அந்தச் சட்டை கடைசியில் வீடு துடைக்கத்தான் உதவியது.

ஆக, பொதுவான விதி: தோளுக்குச் சரியாக எடு, மற்றதைப் பிடி. ஆனால் உங்கள் சிக்கல் தலைகீழ். துணியைப் பிடிக்க முடியும், இல்லாத துணியை விட முடியாது. ஆயத்தச் சட்டைகளில் பக்கத் தையலுக்குள் விட்டிருக்கும் துணி கால் அங்குலம்கூடத் தேறாது. அதனால் வயிற்றில் பிடிக்கிற 40ஐ வாங்காதீர்கள், பட்டனைச் சுற்றி நான்கு பக்கமும் சுருக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும், உட்கார்ந்தால் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே வாய் பிளக்கும். முதலில் அதே 40ல் 'ஸ்லிம்' அல்லாத வேறு வெட்டு இருக்கிறதா என்று கேளுங்கள், வேறு கம்பெனியின் 40ஐயும் போட்டுப் பாருங்கள். ஒரே எண் எல்லா இடத்திலும் ஒரே அளவு கிடையாது. எதுவும் ஒத்துவரவில்லை என்றால் 42ல் தோள் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அரை அங்குலம் என்றால் யாருக்கும் தெரியாது, வாங்கிக் கையைச் சுருக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் துணி எடுத்து அளவு கொடுத்துத் தைப்பதுதான் மிச்சம்.

இன்னொன்று. உங்களுக்கு மிகவும் பொருந்துகிற ஒரு சட்டையைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள், தோளிலிருந்து தோள், பின்பக்க நீளம், கை நீளம் ஆகிய நான்கையும் நாடாவால் அளந்து கைபேசியில் குறித்து வையுங்கள். ஆன்லைனில் வாங்கும்போது சைஸ் எண்ணை விட்டுவிட்டு இந்த நான்கோடு ஒப்பிடுங்கள். திருப்பி அனுப்புகிற வேலை பாதியாகக் குறையும்.

கேள்வி: எனக்குக் கொஞ்சம் பருத்த உடம்பு. குறுக்குக் கோடு போடாதே, கறுப்பைத் தவிர வேறெதுவும் எடுக்காதே என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? (கறுப்பு அலுத்துப்போன வாசகி)

குறுக்குக் கோடு பற்றி அவர்கள் சொல்வதை ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே அளவில் இரண்டு சதுரம் வரைந்து ஒன்றில் குறுக்குக் கோடும் மற்றதில் நெடுக்குக் கோடும் நிரப்பினால், குறுக்குக் கோடு போட்டதுதான் உயரமாகவும் ஒடுங்கியும் தெரியும், தாளில் வரைந்து நீங்களே பார்க்கலாம். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை உடைகளில் சோதித்து, குறுக்குக் கோடு ஆளைக் குண்டாகக் காட்டுவதில்லை என்று 2011ல் எழுதினார்கள். ஆனால் ஒரு ஆனால் உண்டு. தாளில் கோடு நேராக ஓடுகிறது, இறுக்கமான துணியில் வளைந்து வளைந்து உடம்பின் மேடு பள்ளத்தைப் படம் போட்டுக் காட்டிவிடும். கோடு போட்டதை வாங்குங்கள், இறுக்கமாக வாங்காதீர்கள்.

மறைப்பதற்காகப் பெரிய சைஸில் வாங்குகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மார்பில்தான் அகலம் அதிகம் என்றால், தொளதொள உடை அங்கிருந்து நேரே கீழே விழும், இடுப்பு இருந்தும் இல்லாததுபோல் மொத்த உடம்பும் அந்த அகலத்துக்கே தெரியும். பக்கத்தில் ஒரு அங்குலம் பிடித்தால் போதும், ஆளே மாறிவிடுவார். மேலாடையின் கீழ் ஓரம் எங்கே முடிகிறது என்பதையும் பாருங்கள், கண் போய் நிற்பது அந்தக் கோட்டில்தான். தொடையின் மிக அகலமான இடத்தில் அது முடிந்தால் இரண்டு அங்குலம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள்.

கறுப்பில் மடிப்பும் நிழலும் தெரியாது, அது உண்மை. அதே வேலையைக் கருநீலமும் கரும்பச்சையும் செய்யும். உங்களுக்கே அலுத்துவிட்டது என்கிறீர்கள், அப்புறம் என்ன?

கேள்வி: விலை கூடினால் தரமும் கூடுமா?

ஓரளவுக்குக் கூடும், அதற்கு மேல் பெயருக்கும் விளம்பரத்துக்கும்தான் கொடுக்கிறோம். எந்த விலையாக இருந்தாலும் உடையை உள்பக்கம் திருப்புங்கள். ஒரு அங்குலத்தில் தையல் எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். சட்டையில் பத்துக்கு மேல் இருந்தால் நன்று, ஆறு ஏழு என்றால் வேகவேகமாக ஓட்டித் தள்ளியிருக்கிறார்கள். காஜாவில் பிசிறு இருக்கிறதா, கட்டம் போட்ட துணியாக இருந்தால் பக்கத் தையலில் கட்டத்தோடு கட்டம் சேர்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், உங்கள் விரல் தெளிவாகத் தெரிந்தால் அது சீக்கிரம் நைந்துபோகும் (வேண்டுமென்றே மெல்லியதாக நெய்த துணி வேறு கதை). ஒரு ஓரத்தைக் கைக்குள் பத்து விநாடி கசக்கிப் பிடித்து விடுங்கள், அப்போது விழுகிற சுருக்கம்தான் மத்தியானம் உங்கள் மடியில் இருக்கப்போவது.

லேபிளையும் ஒருமுறை படியுங்கள். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. வியர்க்கிறவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும். பதிலுக்குப் பருத்தி கசங்கும், சுருங்கும். சுருங்குவதைத் தடுக்க அமெரிக்கரான சான்ஃபோர்ட் கிளூயெட் 1930 வாக்கிலேயே வழி கண்டுபிடித்துவிட்டார், 'சான்ஃபோரைஸ்டு' என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்தது. அப்படி முன்கூட்டியே சுருக்கியதாக எழுதவில்லை என்றால், தைக்கக் கொடுக்கும் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு எந்த நிறம் பொருந்தும் என்று கண்டுபிடிப்பது எப்படி?

கடை விளக்கை நம்பாதீர்கள். அங்கே ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு நிறம் வெயிலில் வேறு வேறாகிவிடும். ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில், துணியை முகவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது முகமா, துணியா? முகம் என்றால் வாங்கலாம். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை திடீரென்று கூடினால் அந்த நிறம் கீழாடைக்குப் போகட்டும். மாநிறத்துக்கு இது ஆகாது, கறுப்பாக இருப்பவர்கள் அதைத் தொடக்கூடாது என்ற பட்டியல்களை நான் மதிப்பதில்லை.

கேள்வி: தள்ளுபடி என்றால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என்ன செய்வது?

விலையைப் போடப்போகிற தடவையால் வகுங்கள். 2000க்கு வாங்கி நூறு தடவை போட்டால் தடவைக்கு 20. பாதி விலைக்கு 500 என்று அள்ளிவந்து இரண்டே தடவை போட்டால் 250. அப்படியும் கை அடங்கவில்லை என்றால், வீட்டில் இருக்கும் எந்த மூன்று உடைகளோடு இதைப் போடுவேன் என்று அங்கேயே நின்று சொல்லிப் பாருங்கள். மூன்றாவது வராது.

கேள்வி: ஆறு மாதத்தில் எல்லாம் வெளுத்து, டிஷர்ட் எல்லாம் உருண்டை உருண்டையாகிவிடுகிறது. துணி மோசமா, நான் மோசமா?

இரண்டு பேரும்தான்! குட்டை நாரில் நூற்ற துணியும் பாலியெஸ்டர் கலந்ததும் உரசலில் பஞ்சு உருளும். அதைக் குறைக்க உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், ஜீன்ஸோடு சேர்க்காமல் துவையுங்கள். வெயிலில் காயப்போட்டாலும் சாயம் வெளுக்கும், நிழல் போதும். எலாஸ்டேன் (இழுபடும் நார்) கலந்த துணிக்குச் சூடு ஆகவே ஆகாது, இழுவை போய் முழங்காலில் பை பையாகத் தொங்கும்.

கேள்வி: நாலே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டால் ஆபீஸில் சிரிக்க மாட்டார்களா?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 2000ல் வெளியிட்டார்கள். போடவே கூச்சப்படும்படியான ஒரு பாடகர் படம் பெரிதாக அச்சிட்ட டிஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். போட்டவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள், டிஷர்ட்டில் யார் என்று சொன்னவர்கள் கால்வாசிப் பேர். அவ்வளவு பெரிய முகத்துக்கே அந்தக் கதி. போன செவ்வாய்க்கிழமை உங்கள் பக்கத்து மேசைக்காரர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார், சொல்லுங்கள் பார்ப்போம்?