எந்த நிறுவனத்தின் ரசிகர் நீங்கள்? – கார் கேள்வி பதில்

கேள்வி (மதுரை): ஐயா, நீங்கள் ஒரு நாள் ஹோண்டாவைப் புகழ்கிறீர்கள், மறுநாள் ஃபியட்டைப் புகழ்கிறீர்கள். ஒரு நிறுவனத்தின் மீதும் பற்று இல்லாதவரைக் கார் பிரியர் என்று எப்படிச் சொல்வது?

பதில்: எனக்குப் பற்று காரின் மீதுதான். ஒரே நிறுவனம் இன்று அருமையான காரையும் பத்தாண்டு கழித்துச் சாதாரணமான காரையும் செய்யும். அதற்குள் பொறியாளர்களும் மாறியிருப்பார்கள், உதிரிபாகம் தருபவர்களும் மாறியிருப்பார்கள். நம் ஊரில் இன்றும் ‘நாங்கள் அம்பாசடர் குடும்பம்’ என்று பெருமை பேசுவோர் உண்டு. அந்த அம்பாசடரோ இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. பத்மினி கார் இத்தாலியின் ஃபியட் 1100. வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். 1990களில் அம்பாசடருக்குள் இசுசூவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும், ஸ்டீயரிங் தண்டில் இருந்த கியருக்குப் பதிலாகத் தரையில் நின்ற ஐந்து கியர் தண்டும் வந்தபோது வண்டியின் குணமே மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. அந்தக் குடும்பங்கள் பற்று வைத்திருந்தது இவற்றில் எதன் மீது என்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம்.

கேள்வி (திருநெல்வேலி): அண்ணா, என்னிடம் ஸ்விஃப்ட் டீசல், நண்பரிடம் டாடா இண்டிகா விஸ்டா டீசல். மாருதி எஞ்சின்தான் சிறந்தது என்று நான் வாதாடுகிறேன். தீர்ப்புச் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, நண்பரின் வண்டி குவாட்ராஜெட் வகையாக இருந்தால் வழக்கே நிற்காது. இரண்டும் ஃபியட் வடிவமைத்த அதே 1248 சிசி எஞ்சின். அதை மாருதி டிடிஐஎஸ் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது, ஃபியட் மல்டிஜெட் என்றது. புன்டோ, லீனியா, டிசையர், ரிட்ஸ், எர்டிகா எல்லாவற்றிலும் இருந்தது இதுவே. 75 குதிரைத்திறன் தருவது ஒரு வகை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் இறக்கைகள் வேகத்துக்கு ஏற்பக் கோணம் மாற்றிக்கொள்ளும் அமைப்புடன் 90 தருவது இன்னொரு வகை.

ஓட்டிப் பார்த்தவர்கள் இரண்டும் ஒன்றுபோல் இல்லையே என்பார்கள். அது உண்மைதான், சுவையான பகுதியும் அதுதான். நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கீழே சுழலும்போது இந்த எஞ்சின் தூங்கும். அதைத் தாண்டியதும் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இழுக்கும். அந்தத் தூக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை வண்டியின் எடையும் கியர் விகிதமும் முடிவு செய்கின்றன. எடை குறைந்த ஸ்விஃப்ட் சட்டென்று விழித்துக்கொள்ளும். கனத்த புன்டோ ஊருக்குள் சோம்பலாகத் தெரிந்தாலும், நாற்கர சாலையில் வேகம் ஏறியபின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கின் அழுத்தமும் சஸ்பென்ஷனின் நிதானமும் சேர்ந்து தரும் நம்பிக்கையை ஸ்விஃப்ட்டில் நான் உணர்ந்ததில்லை. எஞ்சினைத் தந்தது ஒருவர், அதற்குக் குணம் தந்தவர்கள் வேறு வேறு நிறுவனத்தார். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது இந்த எஞ்சின் இந்தியச் சந்தையிலிருந்து விடைபெற்றது.

கேள்வி (திருச்சி): பலேனோ வாங்குவதா, கிளான்ஸா வாங்குவதா?

பதில்: மாருதி விற்கும் பலேனோவும் டொயோட்டா விற்கும் கிளான்ஸாவும் சுசூகி செய்யும் ஒரே கார்தான். வீட்டுக்கு அருகில் எந்த சர்வீஸ் நிலையம் ஒழுங்காக வேலை செய்கிறதோ, எந்த டீலர் விரைவாக வண்டி தருகிறாரோ, அங்கே வாங்குங்கள்.

கேள்வி (கோவை): டொயோட்டாவின் ஸ்போர்ட்ஸ் காரான இன்றைய சுப்ராவுக்குள் பிஎம்டபிள்யூ எஞ்சின் இருக்கிறது. அதை உண்மையான டொயோட்டா என்று ஏற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: 2019-இல் வந்த சுப்ராவும் பிஎம்டபிள்யூ இஸட்4-உம் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், மேக்னா ஸ்டெயர் ஆலையில் உருவானவை, 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் பிஎம்டபிள்யூவுடையது. இதைக் கேட்டு மனம் புண்படும் டொயோட்டா ரசிகர்கள், அதே நிறுவனத்தின் மகுடம் என்று தாங்களே கொண்டாடும் 1967-ஆம் ஆண்டு 2000ஜிடி காரை யமஹா தன் ஆலையில் தயாரித்தது என்பதையும், அதன் எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் இரட்டை கேம்ஷாஃப்ட் தண்டுகள் அமைந்த தலைப்பகுதி யமஹாவின் கைவேலை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். டொயோட்டா 86 காரின், சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருக்கும் எஞ்சினும் சுபாருவுடையது. கார் உருவானதும் சுபாருவின் ஆலையில்தான். சுப்ராவைக் குறைசொல்ல வேண்டுமானால் வெளியே பார்க்கும் வசதி குறைவு என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். பிறப்புச் சான்றிதழ் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி (சென்னை): பழைய ஃபோர்டு எக்கோஸ்போர்ட் மலிவாகக் கிடைக்கிறது. நிறுவனமே போய்விட்ட நிலையில் வாங்கலாமா?

பதில்: நிறுவனத்தின் பெயர் உண்மையிலேயே கணக்கில் வரும் இடம் இது. இந்தியச் சந்தைக்கான உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. அதற்கு முன்பே, 2017 முடிவில், செவர்லே விற்பனை நின்றிருந்தது. கிளட்ச் தட்டு, பிரேக் பேடு, ஃபில்டர் போன்ற தேயும் பொருள்கள் வெளிச்சந்தையிலும் கிடைக்கும். சிக்கல் தருபவை ஹெட்லைட், பம்பர், மின்னணுப் பெட்டிகள் போன்றவை. ஆகவே மோதிச் சரிசெய்த வண்டியைத் தொடாதீர்கள். அந்த வண்டியில் கை தேர்ந்த மெக்கானிக் ஒருவரை முதலில் பிடித்துவிட்டு, முன்பணத்தைப் பிறகு கொடுங்கள்.

கேள்வி (ஈரோடு): பெயரைப் பார்க்காமல் காரை மதிப்பிட எப்படிப் பழகுவது?

பதில்: பானெட்டைத் திறந்து ஒவ்வொரு பாகத்தின் மீதும் பொறித்திருக்கும் பெயரைப் படியுங்கள். போஷ், டென்சோ, வேலியோ என்று உதிரிபாகம் செய்பவர்களின் பெயர்கள் இருக்கும்; போட்டி நிறுவனங்களின் வண்டிகளில் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். சென்னைப் பாடியில் இயங்கும் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா ஆகியவற்றின் பொருள்களையும் பல நிறுவனங்கள் வாங்குகின்றன. பிறகு, உங்களுக்குப் பிடிக்காத நிறுவனத்தின் வண்டியை வேண்டுமென்றே கேட்டு வாங்கி ஓட்டுங்கள். கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கிறது, மூன்றாம் கியரில் மெதுவாகப் போகும்போது திணறுகிறதா, வேகத்தடையைத் தாண்டியபின் எத்தனை முறை ஆடி அடங்குகிறது என்று பாருங்கள்.

கேள்வி (மதுரை, மீண்டும்): அப்படியானால், ஒரே ஒரு கார் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: ஃபியட் லீனியா டி-ஜெட். 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், கனமான ஹைட்ராலிக் ஸ்டீயரிங், குழி விழுந்த சாலையிலும் கலங்காத சஸ்பென்ஷன். தினமும் அலுவலகம் போக ஒரே வண்டிதான் வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.