மாணவர் பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டத்தில் தொண்டூழியருக்கு என்ன வேலை?

சிங்கப்பூருக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவும் திட்டத்தில் சேர நினைக்கும் நீங்கள், ஊரைச் சுற்றிக் காட்டுவதைத் தவிர வேறு என்ன வேலை இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றிக் காட்டுவது அதில் சிறு பங்குதான். போர்க்காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டூழியர்கள் 1947-இல் தொடங்கிய ஏஎஃப்எஸ் (அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ்) அமைப்பின் மாணவர் பரிமாற்றம் முதல் இன்றைய பள்ளித் திட்டங்கள் வரை, விருந்தினரை அன்றாட வாழ்க்கைக்குள் அழைத்துச் செல்வதே நோக்கம்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் உள்ள தேக்கா உணவங்காடி நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலி மேசையில் கிடக்கும் டிஷ்யூ பொட்டலம் அந்த இடத்துக்கு ஆள் இருப்பதைக் குறிக்கிறது என்பதும், சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைப்பது 2021 முதல் கட்டாயம் என்பதும், ஒரே மேசையில் தோசையும் நாசி பிரியாணியும் சாப்பிடுபவர்கள் ஒருவர் உணவுக் கட்டுப்பாட்டை மற்றவர் எப்படி மதிக்கிறார்கள் என்பதும், அருகில் உட்கார்ந்து சொல்ல ஆள் இருந்தால்தான் புதியவருக்குப் புரியும். அருங்காட்சியகங்களைவிட இத்தகைய ஒரு மதியவேளை அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான கருத்து.

கடினமான பகுதி, வீட்டு ஏக்கம். மாணவர் திடீரெனப் பேச்சைக் குறைத்தால் அறிவுரை சொல்லாமல் முதலில் கேளுங்கள். தங்கியிருக்கும் குடும்பத்தோடு பிணக்கு என்றால் நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவியுங்கள். பாதுகாப்பு தொடர்பான எதையும் இரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்களிக்கக் கூடாது. சேருமுன், தேர்வுக் காலத்தில் உங்களால் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்பதை ஏற்பாட்டாளர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.