புரியாது என்று தெரிந்தே எழுதிய கடிதம்

வாசகர் கேள்வி – பதில்

உடன்பிறந்தவர்களுக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, மெய்யியல் ஆசிரியை சிமோன் வெய்லுக்கு அவருடைய அண்ணனும் கணித அறிஞருமான ஆந்த்ரே வெய்ல் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கேள்விகளே இம்முறை பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன.

கேள்வி: கணித அறிஞர் ஒருவர் சிறைக்குப் போகும்படி என்ன நேர்ந்தது? அப்போது தங்கை என்ன செய்துகொண்டிருந்தார்?

பதில்: ஆந்த்ரே 1906-லும் சிமோன் 1909-லும் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஒருவருக்குப் பிறந்தவர்கள். இருவரும் பிரான்சின் புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனமான எகோல் நோர்மால் சுப்பீரியரில் படித்தவர்கள். அண்ணன் அங்கே சேர்ந்தபோது அவருக்கு வயது 16. தங்கை 1931-ல் மெய்யியல் ஆசிரியர்களுக்கான போட்டித் தேர்வில் தேறிப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளில் கற்பித்தார்; இடையில் 1934 இறுதியில் பள்ளியிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு தொழிற்சாலைகளில் இயந்திரக் கூலியாக வேலை பார்த்தார்.

1939-ல் போர் மூண்டபோது ஆந்த்ரே பின்லாந்தில் இருந்தார். படையில் சேர அழைப்பு வந்தும் அவர் திரும்பவில்லை. தம்முடைய கடமை கணிதமே, துப்பாக்கி ஏந்துவது அன்று என்பது அவர் எண்ணம். ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்ததும், அந்நாட்டுக் காவலர்கள் அவரை ஒற்றர் என்று ஐயுற்றுப் பிடித்து நாடு கடத்தினார்கள். ஸ்வீடன், பிரிட்டன் வழியாக 1940 சனவரியில் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது சொந்த நாடு அவரைக் கைது செய்தது. பிப்ரவரி முதல் மே மாதத் தொடக்கம் வரை அவர் இருந்த இடம் ருவான் நகரத்துச் சிறை. அதன் பெயர் 'பொன் நுவெல்'; தமிழில் சொன்னால் 'நற்செய்தி'. பெயர் வைத்தவர்கள் கேலிக்காக வைக்கவில்லை, அது அந்தப் பகுதியின் பெயர்.

கடுமையான தலைவலி காரணமாகப் பள்ளி வேலையிலிருந்து நீண்ட விடுப்பில் இருந்த சிமோன், அப்போது பாரிஸில் பெற்றோருடன் இருந்தார். அங்கிருந்து சிறைக்கும், சிறையிலிருந்து அங்கும் கடிதங்கள் போய்வந்தன. சிறைவாசம் ஆந்த்ரேவைத் துவளச் செய்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கணித வேலை எதிர்பார்த்ததைவிட நன்றாக நடக்கிறது, சிறையில்தான் இவ்வளவு ஓடும் என்றால் ஆண்டுதோறும் இரண்டு மூன்று மாதங்கள் உள்ளே இருக்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமோ என்று மனைவிக்கு எழுதியவர் அவர்.

கேள்வி: அந்தப் புகழ்பெற்ற கடிதத்தில் என்னதான் இருக்கிறது? கணிதம் அறியாதவருக்கு விளங்கும்படி சொல்ல முடியுமா?

பதில்: 1940 மார்ச் 26 என்று தேதியிட்ட கடிதம் அது. கணிதக்காரர் அல்லாதவரிடம் தம் ஆராய்ச்சியை விளக்குவது, காது கேளாதவருக்கு ஒரு சிம்பொனியை விவரிப்பதைப் போன்றது என்று இதற்கு முன் எழுதிய ஒரு கடிதத்தில் ஆந்த்ரே தங்கைக்குச் சொல்லியிருந்தார். அப்படி விவரித்தால் மிஞ்சுவது நல்லதோ கெட்டதோ ஒரு கவிதையாக இருக்குமே தவிர, இசைக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது என்பது அவர் வாதம். சில வாரங்களே சென்றன. அதே தங்கைக்கு, முழு எண்களின் இயல்பை ஆராயும் எண் கோட்பாட்டின் வரலாற்றையும் தம் வேலையின் திசையையும் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். தொடக்கப் பகுதி ஓரளவு விளங்கும், பிறகு வருவது எதுவும் விளங்காது என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத்தான் எழுதினார்.

சாரம் இதுதான். 60 என்ற எண்ணை 2, 2, 3, 5 என்ற பகா எண்களின் பெருக்கலாகப் பிரிக்கலாம். அதை வேறு எவ்விதத்திலும் பிரிக்க முடியாது. பள்ளியில் படித்த x² − 1 என்ற கோவையையும் (x − 1)(x + 1) என்று அதேபோல் பிரிக்கலாம். முழு எண்களும் கோவைகளும் வேறு வேறு உலகத்தைச் சேர்ந்தவை. ஆனாலும் இரண்டின் நடத்தையிலும் ஒரே சாயல் தெரிகிறது. இந்த ஒப்புமையை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியக் கணித அறிஞர்கள் கவனித்துப் பயன்படுத்தினார்கள். ஆனால் ஒரு பக்கம் எண்களும் மறுபக்கம் இத்தகைய கோவைகளோடு பிணைந்த, கணித அறிஞர் ரீமான் வகுத்த வளைபரப்புகளும் நிற்க, நடுவே இருக்கும் இடைவெளி மிகப் பெரியது. அந்த இடைவெளியில் ஆந்த்ரே ஒரு மூன்றாவது உலகத்தை வைத்துப் பார்த்தார். அங்கே எண்கள் முடிவற்றவை அல்ல. 0, 1, 2, 3, 4 ஆகிய ஐந்து எண்கள் மட்டுமே உள்ள ஓர் உலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 5 வந்தால் மீண்டும் 0 என்று எண்ண வேண்டும். அங்கே 3-ஐயும் 4-ஐயும் கூட்டினால் விடை 2. பெருக்கினாலும் விடை 2. இத்தகைய சிறிய எண் உலகங்களின் மேல் வரையப்படும் வளைகோடுகள், இந்தப் பக்கம் எண்களையும் அந்தப் பக்கம் வளைபரப்புகளையும் பார்த்தபடி நிற்கின்றன.

தம் வேலையை மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்ட ஒரு கல்வெட்டைப் படிக்கும் முயற்சிக்கு ஒப்பிட்டார் அவர். மூன்று பத்திகளிலும் உடைந்த துண்டுகளே கிடைத்திருக்கின்றன. ஒரு பத்தியில் தெளிவாக இருப்பது இன்னொன்றில் சிதைந்திருக்கிறது. பல ஆண்டு உழைப்பில் அகராதியின் சில துணுக்குகள் மட்டும் கையில் சேர்ந்திருக்கின்றன. ஒரே செய்தி மூன்று எழுத்துமுறைகளில் பொறிக்கப்பட்ட எகிப்தின் ரொசெட்டா கல்லை நினைவூட்டுவதால், கணித உலகில் இன்றும் இந்த உவமை 'வெய்லின் ரொசெட்டா கல்' என்றே வழங்குகிறது. என் கணிப்பில், சக கணித அறிஞருக்கு எழுதியிருந்தால் இந்த உவமையே பிறந்திருக்காது. தெரிந்தவருக்கு எழுதும்போது தேற்றமும் நிறுவலும் போதும். தெரியாத தங்கைக்கு எழுதும்போதுதான், நான் உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: சிமோனுக்கு அது புரிந்ததா? அவர் வெறும் கேட்பவர்தானா?

பதில்: நுட்பங்கள் புரியவில்லை, அவரும் புரிந்ததாக நடிக்கவில்லை. ஆனால் வெறும் கேட்பவர் என்று அவரைச் சொன்னால் இந்தக் கடிதங்களையே தவறாகப் படித்தவர்கள் ஆவோம். இந்தப் போக்குவரத்தில் எனக்கு அண்ணனின் பக்கங்களைவிடத் தங்கையின் பக்கங்களே பிடிக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சிமோனைப் பிடித்து ஆட்டிய கேள்வி கிரேக்கக் கணிதத்தைப் பற்றியது. ஒரு சதுரத்தின் பக்கம் 1 என்றால், அதன் மூலைவிட்டத்தின் நீளத்தை எந்த இரண்டு முழு எண்களின் விகிதமாகவும் எழுத முடியாது. எண்களே உலகின் அடிப்படை என்று நம்பிய பித்தாகரசின் வழிவந்தவர்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பு பேரிடியாக விழுந்தது என்பது கணித வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சிமோன் அதை ஏற்கவில்லை. அவர்கள் அதை மகிழ்ச்சியோடுதான் வரவேற்றிருக்க வேண்டும் என்று வாதிட்டார். எண்ணால் சொல்ல முடியாத விகிதத்தையும் வடிவத்தால் துல்லியமாகக் காட்ட முடிகிறது என்பது, அறிவின் தோல்வி அல்ல, வெற்றி என்பது அவர் கட்சி. பாபிலோனியர்கள் எண்களைக் கையாண்ட விதத்தையும் கிரேக்கர்கள் வடிவங்களைக் கையாண்ட விதத்தையும் ஒப்பிட்டு, பின்னவர்களின் பக்கம் உறுதியாக நின்றார். இதில் முழுவதும் அவர் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். பாபிலோனியர்கள் மீது அவர் காட்டிய கடுமை தேவைக்கு மிஞ்சியது.

இன்னொரு வாக்குவாதம் இதைவிடக் கூர்மையானது. கணிதம் ஒரு கலை, மிகக் கடினமான கல்லில் செய்யும் சிற்பத்தைப் போன்றது என்று அண்ணன் எழுதினார். அப்படியானால் அந்தக் கல் எது என்று தங்கை திருப்பிக் கேட்டார். கிரேக்க வடிவியலுக்கு வெளி என்ற மூலப்பொருள் இருந்தது. அது எல்லா மனிதர்களுக்கும் பொதுவானது. இன்றைய கணிதத்துக்கு மூலப்பொருள், முன்பு செய்யப்பட்ட கணிதமே அல்லவா? இப்படியே போனால் கணிதம் மனிதனுக்கும் உலகுக்கும் நடுவே திரையாகிவிடாதா? இந்தக் கேள்விகளைக் கணிதத்துக்கு வெளியே நிற்கும் ஒருவர்தான் இவ்வளவு நேராகக் கேட்க முடியும். அதிலும் தங்கை என்ற உரிமை இருப்பதால்தான், சிறையில் இருக்கும் மனிதரிடம் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டு வாதம் செய்ய முடிகிறது. ஆந்த்ரேவுக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்ததும் ஆறுதல் அல்ல என்றே தோன்றுகிறது.

கேள்வி: இவ்வளவு மேதையான அண்ணனிடம் தங்கைக்குப் பொறாமையே இல்லையா?

பதில்: பொறாமை என்ற சொல் பொருந்தாது, ஆனால் காயம் இருந்தது. 14 வயதில், சிறுவயதிலேயே கணித மேதையாக விளங்கிய பாஸ்கலின் இளமைக்கு ஒப்பிடத்தக்க இளமை வாய்த்த அண்ணனுக்கு அருகே தம் அறிவு அற்பமானது என்று தோன்றிச் சாகவும் நினைத்ததாகச் சிமோனே 1942-ல் தமக்கு நெருக்கமான பாதிரியார் ஒருவருக்கு எழுதினார். புறத்தில் கிடைக்கும் வெற்றியை அவர் பொருட்படுத்தவில்லை. உண்மை இருக்கும் உலகத்துக்குள் மேதைகள் மட்டுமே நுழைய முடியும், தமக்கு அது அடைபட்டது என்பதுதான் அவரைத் துன்புறுத்தியது. 1940-ல் அதே அண்ணனிடம் 'உன் கல் எது' என்று கேட்டவரும் அவரே.

கேள்வி: ஆந்த்ரே இந்தியாவில் இருந்ததாகச் சொல்கிறார்களே, கடிதங்களில் அதன் தடம் உண்டா?

பதில்: உண்டு. 1930 முதல் 1932 வரை அவர் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். தமிழரான தி. விஜயராகவன் அங்கே அவருடன் பணியாற்றிய கணித அறிஞர். ஆந்த்ரேவின் பதவி பறிபோனபோது தாமும் அந்த வேலையை விட்டு டாக்கா சென்றார். கீதையைச் சமஸ்கிருதத்திலேயே படிக்கத் தெரிந்தவர் ஆந்த்ரே. படைக்கு அழைத்தபோது போகாததற்கு அவர் துணைக்கு அழைத்ததும் அந்நூல் சொல்லும் சுவதர்மத்தைத்தான். அருச்சுனனைப் போருக்கு எழுப்பும் நூலிலிருந்து போருக்குப் போகாமலிருக்க நியாயம் எடுத்தவர் என்று சிலர் நகைத்திருக்கிறார்கள்; அவரவர் தர்மம் அவரவருக்கு என்பதுதானே அங்கே வாதம், ஆகவே எனக்கு அது முரணாகத் தெரியவில்லை. 1940-ல் சிமோனும் கீதையைப் படித்தார்; பின்னர் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். அதில் அண்ணனின் பங்கு சிறிதல்ல.

கேள்வி: சிறைக்குப் பிறகு இருவருக்கும் என்ன ஆயிற்று? அந்தக் கடிதங்கள் எப்படித் தப்பின?

பதில்: 1940 மே 3-ஆம் தேதி நடந்த விசாரணையில் ஆந்த்ரேவுக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது, படையில் சேரச் சம்மதித்ததால் அத்தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரே வாரத்தில் ஜெர்மானியப் படை பிரான்சைத் தாக்கியது. 1941-ல் அவர் அமெரிக்கா சேர்ந்தார், 1998 வரை வாழ்ந்தார். கல்வெட்டின் அகராதியை முழுமையாக்கும் வேலை அவரோடு முடியவில்லை. 1967 சனவரியில் ராபர்ட் லாங்லாந்ஸ் என்ற முப்பது வயதுக் கணித அறிஞர், பிடிக்காவிட்டால் குப்பைக்கூடை பக்கத்தில் இருக்கும்தானே என்ற குறிப்போடு, கையால் எழுதிய 17 பக்கக் கடிதம் ஒன்றை அவருக்கு அனுப்பினார். இன்று லாங்லாந்ஸ் திட்டம் என்று வழங்கும் பெரும் ஆராய்ச்சிக்கு அதுதான் தொடக்கம்.

சிமோன் 1942-ல் பெற்றோரோடு அமெரிக்கா போய், அங்கே பிறந்த அண்ணன் மகளைப் பார்த்துவிட்டு, நவம்பரில் தனியே பிரிட்டனுக்குக் கப்பலேறினார். லண்டனில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த சுதந்திர பிரான்ஸ் இயக்கத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தபோது காசநோய் கண்டது. மருத்துவமனையில் படுத்திருப்பதை அவர் நியூயார்க்கில் இருந்த பெற்றோருக்குக் கடைசிவரை தெரிவிக்கவில்லை. முன்பு தங்கியிருந்த அறையின் முகவரியையே கடிதங்களில் எழுதினார், தம் நோயைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் குழந்தையைப் பற்றி விசாரித்தார். 1943 ஆகஸ்ட் 24 அன்று, 34 வயதில், கென்ட் பகுதியில் உள்ள ஆஷ்ஃபோர்டில் இறந்தார்.

அண்ணன் எழுதிய மார்ச் 26 கடிதம் 1979-ல் வெளியான அவருடைய கணிதக் கட்டுரைத் தொகுப்பில் அச்சாயிற்று. தங்கையின் கையெழுத்துப் படிகள் இன்று பிரான்சின் தேசிய நூலகத்தில் உள்ளன. அவை அங்கே சேர்வதற்கு முன், போர் முடிந்து பாரிஸுக்குத் திரும்பிய பெற்றோர், லக்ஸம்பர்க் தோட்டத்துக்கு அருகே இருந்த தங்கள் வீட்டில் அமர்ந்து, மகள் எழுதிவைத்துப் போன தாள்களை ஆண்டுக்கணக்கில் தங்கள் கையாலேயே படியெடுத்துக்கொண்டிருந்தார்கள்.