பூனைக்கு ஒரு சிறு வாசல்

கேள்வி: எங்கள் பூனை இரவில் வெளியே போகவும் உள்ளே வரவும் கதவைப் பிறாண்டி எங்களை எழுப்பிவிடுகிறது. கொல்லைப்புறக் கதவில் அதற்கென ஒரு சிறு கதவு பொருத்தினால் மரம் பாழாகிவிடுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முறையாக அறுத்தால் பாழாகாது. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பேராலயத்தில் பூனைக்காக இடப்பட்ட துளையுள்ள பழைய கதவு இன்றும் இருக்கிறது.

உங்கள் கதவு தேக்குச் சட்டமும் பலகையும் கொண்டதென்றால், சட்டத்தைத் தொடாமல் கீழ்ப்பலகையில் மட்டுமே அறுக்க வேண்டும். சட்டத்தில் கைவைத்தால் கதவின் உறுதியே குலைந்துவிடும். உள்ளே இடைவெளியுள்ள ஃபிளஷ் கதவாக இருந்தால், அறுத்த விளிம்பைச் சுற்றி உள்ளே மரச்சட்டம் வைத்து ஒட்டிய பிறகே திருகாணிகளை முடுக்க வேண்டும், இல்லையேல் அவற்றுக்குப் பிடிமானம் இராது. துளையின் அடிவிளிம்பு, நிற்கும் பூனையின் வயிற்று உயரத்துக்குச் சற்றுக் கீழே அமையட்டும். சிறு கதவோடு பெட்டியில் வரும், அறுக்க வேண்டிய அளவைக் காட்டும் அச்சுத்தாளை ஒட்டி, நான்கு மூலைகளிலும் துளையிட்டு, ஜிக்சா ரம்பத்தால் அறுத்து, மழை ஈரம் ஏறாதபடி விளிம்புக்கு வர்ணம் பூசச் சொல்லுங்கள். வெளியிலிருந்து கைவிட்டால் தாழ்ப்பாள் எட்டக் கூடாது என்பதையும் தச்சரிடம் மறவாமல் கூறுங்கள்.

அயல்வீட்டுப் பூனைகள் நுழையும் என்ற அச்சம் இருந்தால், உங்கள் பூனையின் தோலுக்கடியில் பொருத்திய மைக்ரோசிப்பை (அடையாளச் சில்லை) அறிந்து திறக்கும் வகையை வாங்கலாம். ஆனால் உங்கள் பூனை வாயில் கவ்வி வரும் எலியை, சிப்பை மட்டும் அறியும் கதவு தடுக்காது! முதல் சில நாள்களுக்கு சிறு கதவின் ஆடும் மூடியைத் தூக்கிக் கட்டிவைத்து, பூனை பழகிய பின் இறக்கிவிடுங்கள்.