ஒலிம்பிக், காமன்வெல்த் மாதிரி போட்டிகளை நம் நகரம் நடத்தினால் பெருமைதானே? சிலர் ஏன் எதிர்க்கிறார்கள்?

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்ததிலிருந்து இந்தக் கேள்வி பல ரூபத்தில் வந்துகொண்டிருக்கிறது. எதிர்க்கிறவர்களில் நானும் ஒருவன், அதனால் எழுதுகிறேன். விளையாட்டே பிடிக்காத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். 2010-இல் டெல்லியில் நடந்தபோது சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிப் போய் ஹாக்கியில் பாகிஸ்தானுக்கு நம்மவர்கள் ஏழு கோல் போட்டதைப் பார்த்துத் தொண்டை கட்டிப்போகும் அளவுக்குக் கத்தியவன்தான். (இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவிடம் எட்டு வாங்கியதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.)

முதலில் ஊழலை ஓரமாக வைத்துவிடுகிறேன். டெல்லி என்றதும் எல்லாரும் போட்டி அமைப்புக் குழுத் தலைவராக இருந்த சுரேஷ் கல்மாடி, ஒரு ரோல் டாய்லெட் பேப்பர் நாலாயிரம் ரூபாய் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ஊழல்தான் பிரச்சினை’ என்று சொன்னால் எதிரில் இருப்பவர், ‘சரி, இந்த முறை நேர்மையான ஆளைப் போட்டால் போச்சு’ என்பார். நான் சொல்ல வருவது நேர்மையான ஆளைப் போட்டாலும் நடக்கக்கூடியது.

பிரச்சினை தேதியில் இருக்கிறது.

ஒரு பாலமோ மருத்துவமனையோ கட்டும்போது டெண்டரில் விலை அதிகமாக வந்தால் ரத்து செய்துவிட்டு மறுபடி கூப்பிடலாம். ஆறு மாதம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. ஆனால் திறப்பு விழா அக்டோபர் 3 என்று உலகத்துக்கே அறிவித்துவிட்டால் அந்த நாளை யாராலும் நகர்த்த முடியாது. அது நகரத்துக்குத் தெரியும், கான்ட்ராக்டருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். முகூர்த்தத்தைக் குறித்துப் பத்திரிகையும் கொடுத்துவிட்டு அப்புறம் மண்டபம் தேடிப் போகிறவனிடம் மண்டபக்காரர் என்ன விலை சொல்வார்? அதேதான். பேரம் பேசுகிற பலம் கைவிட்டுப் போய்விடுகிறது, அதோடு சேர்ந்து நகரத்தின் சாதாரண விதிகளும் ஒவ்வொன்றாக விடுமுறையில் போய்விடுகின்றன: டெண்டர் விதி, தொழிலாளர் சட்டம், நிலப் பயன்பாட்டு விதி, குடிசையைக் காலி செய்வதற்கு முன் கொடுக்க வேண்டிய நோட்டீஸ், எல்லாமே. கேட்டால் ‘நேரமில்லை’ என்பார்கள். நேரம் எங்கே போனது? 2003 நவம்பரில் ஜமைக்காவில் நடந்த வாக்கெடுப்பில் (பங்கேற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு லட்சம் டாலர் தருகிறோம் என்று கடைசி நேரத்தில் சொல்லித்தான்) கனடாவின் ஹாமில்டனைத் தோற்கடித்து டெல்லி போட்டியை வாங்கியது. கையில் கிட்டத்தட்ட ஏழு வருஷம் இருந்தது. முதல் சில வருஷங்களில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2011-இல் வந்த சி.ஏ.ஜி. (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அமைப்பு) அறிக்கை இதைத்தான் பிடித்துக் காட்டியது: தாமதம் அவசரத்தை உண்டாக்கியது, அந்த அவசரத்தைக் காரணம் காட்டியே நடைமுறைகள் தளர்த்தப்பட்டன. ஆரம்பத்தில் 1,200 கோடி என்று போட்ட மதிப்பீடு கடைசியில் 18,500 கோடியைத் தாண்டியது என்ற கணக்கும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது.

வீரர்கள் தங்குவதற்கான விளையாட்டு கிராமம் இதற்கு நல்ல உதாரணம். அக்ஷர்தாம் கோயிலுக்குப் பக்கத்தில், யமுனையின் வெள்ளப் படுகையில் கட்டினார்கள். அது ஆற்றின் இடம், அங்கே கட்டக்கூடாது என்று சுற்றுச்சூழல்காரர்கள் வழக்குப் போட்டார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் கட்டுமான வேலை நிற்கவில்லை. கட்டியது தனியார் நிறுவனம், போட்டி முடிந்ததும் வீடுகளை விற்று லாபம் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 2008 பொருளாதாரச் சரிவு வந்ததும் அவர்களிடம் பணம் இல்லை. வேறு சமயமாக இருந்தால் ‘உன் நஷ்டம், நீ பார்த்துக்கொள்’ என்று சொல்லியிருக்கலாம். தேதி இருக்கிறதே! டெல்லி வளர்ச்சி ஆணையம் 333 வீடுகளை 700 கோடிக்கு மேல் கொடுத்து முன்கூட்டியே வாங்கி அவர்களைத் தூக்கிவிட்டது. லாபம் வந்திருந்தால் அவர்களுடையது, நஷ்டம் என்றதும் நம்முடையது. இத்தனைக்கும் பிறகு 2010 செப்டம்பரில் யமுனையில் தண்ணீர் ஏறியபோது கிராமத்தின் நிலத்தடித் தளங்களில் தண்ணீர் நின்றது. வெளிநாட்டு அணிகள் வந்து பார்த்துவிட்டு எடுத்த படங்களில் படுக்கை மேல் நாயின் கால்தடம் இருந்ததை உலகமே பார்த்தது.

செப்டம்பர் 21-ஆம் தேதி, திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் சரிந்து விழுந்து 27 தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். இராணுவம் வந்து சில நாளில் இரும்புப் பாலம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தது. இராணுவத்தின் வேகத்தை எல்லாரும் பாராட்டினார்கள், அடிபட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

நான் அப்போது டெல்லியின் போகல் பகுதியில் ஒரு பர்சாத்தியில் வாடகைக்கு இருந்தேன். பர்சாத்தி என்றால் மொட்டை மாடி ஒற்றை அறை, வெயிலில் அடுப்பு மாதிரி கொதிக்கும். ஸ்டேடியம் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். பக்கத்து ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரமாக விழுப்புரம், சேலம் பக்கத்திலிருந்து வந்த நம் ஆட்கள் பல வருஷமாகக் குடிசை போட்டு இருந்தார்கள். சுற்று வட்டாரத்தில் பாத்திரம் தேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள், கட்டட வேலைக்காரர்கள் பாதிப்பேர் அங்கிருந்துதான் வருவார்கள். எங்கள் மாடி வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து வேலைக்கு வந்த அக்காவும் அங்கேதான் இருந்தார்.

2010 ஏப்ரல் நடுவில், சித்திரை பிறந்த சமயம், அந்த வரிசையில் 350-க்கும் மேற்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வீடுகளை இடித்தார்கள். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். ஸ்டேடியத்துக்கு வாகன நிறுத்துமிடம் வேண்டும் என்பது காரணம். அன்றைக்கு அக்கா வேலைக்கு வரவில்லை. மறுநாள் காலையில் ஒரு குக்கர், ஒரு மூட்டைத் துணி, அப்புறம் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காகிதங்களோடு மாடி ஏறி வந்தார். கவரில் ரேஷன் கார்டும் வி.பி.சிங் காலத்து டோக்கனும் இருந்தன. 1990-இல் குடிசைவாசிகளுக்குக் கொடுத்த உலோக டோக்கன் அது, மாற்று இடம் கேட்பதற்கு அதுதான் ஆதாரம் என்று இருபது வருஷமாக அரிசி டப்பாவுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். “கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும் தம்பி, தெருவுல வெச்சா தொலைஞ்சு போயிடும்” என்றார். என்ன ஆச்சு அக்கா என்று கேட்டதற்கு, “காரு நிறுத்த எடம் வேணுமாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். அந்த டோக்கனைக் காட்டி மாற்று இடம் கிடைத்ததா என்றால் இல்லை. நிஜாமுதீன் பக்கம் வாடகைக்கு ஒரு அறை பார்த்துக்கொண்டு போனார், அந்த வாடகைக்காக இன்னும் இரண்டு வீட்டு வேலையைச் சேர்த்துக்கொண்டார்.

(அதே வாய்க்கால் கரையில் மிஞ்சியிருந்த மதராசி கேம்ப்பை 2025 ஜூனில் இடித்தார்களே, அதற்கும் காமன்வெல்த்துக்கும் சம்பந்தமில்லை. அது வாய்க்கால் தூர்வாரும் வழக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இதெல்லாம் எங்கோ நடந்த ஒரு தனிச் சம்பவம் இல்லை. இடிக்க முடியாத குடிசைகளை மறைக்க வழியெங்கும் போட்டியின் சின்னமான ‘ஷேரா’ புலி சிரிக்கும் பெரிய பெரிய பேனர்களைக் கட்டினார்கள், மூங்கில் தட்டி வைத்து மறைக்கும் யோசனையும் இருந்தது. பிச்சைக்காரர்களைப் பிடிக்க நடமாடும் கோர்ட் சுற்றியது. தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஆபீஸ் வாசலில் தோசை போட்டுக்கொண்டிருந்த மதுரைக்காரரும் அந்த ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டார். பல்கலைக்கழக விடுதிகளை விருந்தினருக்காகக் காலி செய்யச் சொன்னதும் மாணவர்கள் வாடகை வீடு தேடி அலைந்தார்கள். எல்லாவற்றிலும் எனக்கு ஆறாதது பணக் கணக்கில் நடந்த ஒன்று. பட்டியல் சாதியினர் நலனுக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து 600 கோடிக்கு மேல் டெல்லி அரசு போட்டி வேலைகளுக்குத் திருப்பிவிட்டது. தகவல் அறியும் சட்டத்தில் கேட்டு வாங்கிய காகிதங்களால் விஷயம் வெளியே வந்து நாடாளுமன்றம் வரை போனது, உள்துறை அமைச்சராக இருந்த ப.சிதம்பரமே அது தவறு என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதாவது ஜங்புராவில் வீடு இழந்தவர்கள் அந்த வாகன நிறுத்துமிடத்துக்குத் தங்கள் பங்கையும் கொடுத்திருக்கிறார்கள்.

‘மெட்ரோ வந்ததே, விமான நிலையம் வந்ததே’ என்று கேட்பீர்கள். வந்தது, நானும் அதில் போனேன். ஆனால் டெல்லி மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2002-இல், போட்டி கிடைப்பதற்கு முன்னாலேயே. போட்டிக்காகவே அவசரப்படுத்திய விமான நிலைய மெட்ரோ தடம் போட்டிக்கு வந்து சேரவே இல்லை, 2011 பிப்ரவரியில்தான் திறந்தார்கள், அதனால் யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. பாராபுல்லா மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஆயிரக்கணக்கானோர் அதில் போகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நகரத்தில் எந்த வழியில் நெரிசல் அதிகம் என்று பார்த்தா அதைப் போட்டார்கள்? விளையாட்டு கிராமத்திலிருந்து ஸ்டேடியத்துக்கு வீரர்கள் சிக்னலில் நிற்காமல் போக வேண்டும் என்றுதான் போட்டார்கள். பன்னிரண்டு நாள் விருந்தினருக்காக வரைந்த வரைபடத்தில்தான் நாம் பதினைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறோம்.

சுற்றுலா வருமானம் பற்றி ஒரே வரியில் முடித்துவிடலாம்: பள்ளிக்கூடம் கல்லூரி எல்லாவற்றுக்கும் லீவு விட்டு, ரோட்டில் ஒரு தடத்தைப் போட்டி வண்டிகளுக்கென்று ஒதுக்கியதும் டெல்லிக்காரனே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டான்.

ஸ்டேடியங்கள்? நேரு ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க மட்டும் 900 கோடிக்கு மேல் ஆனது. அதை இடித்துவிட்டு ‘விளையாட்டு நகரம்’ கட்டப் போவதாக 2025 நவம்பரில் செய்தி வந்தது. போட்டிக்காகவே கட்டிய தியாகராஜ் ஸ்டேடியத்தில் 2022-இல் நடந்தது ஞாபகம் இருக்கும்: ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி தன் நாயோடு வாக்கிங் போவதற்காக, அங்கே பயிற்சி எடுக்கும் பிள்ளைகளைச் சாயங்காலம் ஏழு மணிக்கே வெளியே அனுப்பினார்கள். பத்திரிகையில் வந்ததும் அவரை லடாக்குக்கு மாற்றினார்கள்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கை நடத்தி 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம் பிடித்தது. எப்படி? கடைசியில் போட்டியிட வேறு நகரமே இல்லை. அதனால் ஒலிம்பிக் கமிட்டியிடம், செலவு கூடினால் நகரம் பொறுப்பேற்காது என்று தெனாவெட்டாகச் சொல்ல முடிந்தது, 1932-இல் பயன்படுத்திய பழைய கொலீசியத்தையே தட்டிக்கொட்டி ஓட்டினார்கள். பலம் அவர்கள் பக்கம் இருந்தது. நம் ஊரில் 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததையும் சொல்வார்கள். ரஷ்யாவிலிருந்து மாற்றிய போட்டி, நாலு மாத அவகாசத்தில் தமிழ்நாடு அரசு 92 கோடி ஒதுக்கி அழகாக நடத்தியது. செஸ்ஸுக்கு வேண்டியது மேசை, நாற்காலி, குளிர்சாதன அரங்கம், எல்லாம் ஒரு ஹோட்டல் வளாகத்துக்குள்ளேயே அடங்கியது. நீச்சல் குளமும் சைக்கிள் ஓடுதளமும் பத்தாயிரம் பேருக்குப் படுக்கையும் கட்ட வேண்டிய போட்டி வேறு.

ஊழல் குறைவான பணக்கார இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இருக்கிறது. 2026 காமன்வெல்த்துக்கு 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று ஆரம்பித்தார்கள், 600, 700 கோடி வரை போகும் என்று தெரிந்ததும் 2023 ஜூலையில் வேண்டாம் என்று விலகினார்கள். விலகியதற்கே 38 கோடி டாலர் நஷ்டஈடு. ஹாம்பர்க்கில் 2015-இல் ஒலிம்பிக் வேண்டுமா என்று மக்களிடமே ஓட்டு நடத்தினார்கள், பாதிக்கு மேல் வேண்டாம் என்றார்கள், நகரம் விலகிக்கொண்டது. கனடாவின் கால்கரியிலும் 2018-இல் அதே கதை. டெல்லியில் என்னிடமோ அக்காவிடமோ யாரும் கேட்கவில்லை.

அகமதாபாத்திலும் கேட்கப் போவதில்லை என்றுதான் தோன்றுகிறது. 2020-இல் டிரம்ப் வந்தபோது வழியில் இருந்த குடிசைகளை மறைக்கச் சுவர் எழுப்பிய ஊர் அது. குறைந்தபட்சம் மூன்று விஷயத்தையாவது இப்போதே, தேதி இன்னும் தூரத்தில் இருக்கும்போதே, அங்கிருப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டும்: காமன்வெல்த் கூட்டமைப்போடு போட்ட ஒப்பந்தம் முழுசாக வெளியே வரட்டும், செலவு கூடினால் எந்தத் துறையின் நிதியிலிருந்து எடுப்பார்கள் என்று எழுத்தில் சொல்லட்டும், காலி செய்யப் போகும் இடங்களின் பட்டியலும் மாற்று வீடுகளும் அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே தயாராக இருக்கட்டும். இந்த மூன்றையும் செய்துவிட்டு நடத்தினால் நானும் டிக்கெட் வாங்கிப் போவேன்.