அடுத்த பக்கம் தெரிந்த புத்தகம்

வணக்கம் அண்ணா,

எனக்கு 29 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஏழு மாதமாக, காலையில் ரயில் ஏறியதும் நெஞ்சு அடிக்கத் தொடங்குகிறது. விரல்கள் விறைக்கின்றன, மூச்சு முட்டுகிறது, இறங்கி ஓடிவிட வேண்டும்போல் இருக்கிறது. இரண்டு தடவை ஈசிஜி எடுத்தாயிற்று. இதயத்தில் ஒன்றுமில்லை, இது பதகளிப்பு, அதாவது மனப்பதற்றம் என்று சொல்லி டாக்டர் மருந்து தந்திருக்கிறார்.

புதுப் புத்தகம் எதுவும் மண்டைக்குள் போவதில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் வாசித்த ஒரு நாவலையே நாலாவது தடவையாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். அது மட்டும்தான் ஆறுதல். “எந்த நேரமும் புத்தகத்துக்குள்ள தலையை விட்டுக்கொண்டிருந்தா இப்படித்தான் வரும்” என்று அம்மா ஏசுகிறார். நான் ஒளிந்துகொள்கிறேனா? என்னைப் போல இருந்தவர்கள் எழுதியதை வாசிக்கலாமா, வாசித்தால் இன்னும் கூடிவிடுமா?

பெயர் போட வேண்டாம்.

வெள்ளவத்தை வாசகி

* * *

அன்புள்ள தங்கைக்கு,

உங்களுக்கு ரயில். எனக்கு 101 பஸ்.

2008இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். எனக்கு ஒரு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. அட்டையைக் காட்டுவேன், ஏறுவேன், போவேன். கை மட்டும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களில் நெஞ்சு ஒழுங்காகத்தான் அடித்தது. மறிப்பதெல்லாம் நின்றுபோன பிறகு, 2010இல் ஒரு நாள் பம்பலப்பிட்டிக்குக் கிட்ட, ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு போகையில்தான் வந்தது. விரல்கள் கோழிக்கால் மாதிரி உள்ளே மடங்கிக்கொண்டன. கொண்டக்டர் வலிப்பு என்று நினைத்துவிட்டார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்குமாம். பின் சீட்டில் இருந்த ஒரு பெண்ணிடம் சாவிக்கொத்தை வாங்கி என் கைக்குள் திணித்தார். ஐந்து சாவியும் ஒரு பிளாஸ்டிக் யானையும். யானைக்கு ஒரு தந்தம் இல்லை. சாகப்போகிறேன் என்று நிச்சயமாக நம்பிய மனிதன் இதையெல்லாம் எப்படிக் கவனித்தான் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கும் “ஒன்றுமில்லை” என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் அதைக் கேட்டு வெளியே வரும்போது நோயோடு சேர்த்து வெட்கத்தையும் கொண்டு வந்தேன். ஒன்றுமே இல்லாமல் ஒரு பஸ்ஸை நிறுத்திவிட்டேனே!

எனக்கு ஆறுதல் கிடைத்தது கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில். புத்தகத்திலிருந்து அல்ல, பத்திரிகை மேசையில் எதிரே இருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரிடமிருந்து. நாளடைவில் பழகி, ஒரு நாள் தன்னுடைய கதையைச் சொன்னார். “முதலில் சின்னவிரலும் மோதிரவிரலும்தான். அப்புறம் உதட்டைச் சுற்றி எறும்பு ஊரும்.” அவ்வளவுதான். அந்த எறும்பை நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர் விஞ்ஞான ஆசிரியர், ஆகவே பாடமும் நடத்தினார்: மேல்மூச்சு வாங்க வாங்க இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது, அதனால்தான் விறைப்பும் தலைச்சுற்றும். பாடமும் நல்லதுதான், ஆனால் எனக்கு உதவியது எறும்பு.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் கிளேர் வீக்ஸ் என்ற அவுஸ்திரேலியப் பெண். பல்லியினங்கள் எப்படிக் கருவைச் சுமக்கின்றன என்று ஆராய்ந்த விலங்கியலாளர். இளவயதில் அவருக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பயத்தில் தொடங்கிய நெஞ்சிடிப்பு, காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகும் விடவில்லை. கடைசியில் முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஒரு நண்பர், பதுங்கு குழிகளில் தங்களுக்கும் நெஞ்சு இப்படித்தான் அடித்தது என்று சொன்னார். அவர் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார். வீக்ஸ் பிறகு மருத்துவம் படித்து, தான் எழுதிய நூல்களில் இரண்டு பயம் பற்றிச் சொல்கிறார். முதலாவது தானாக வருவது. “ஐயோ, வந்துவிட்டதே, இனி என்னாகும்” என்று நாம் அதன் மேல் ஏற்றுவது இரண்டாவது. முதலாவதை நம்மால் தடுக்க முடியாது. இரண்டாவது, இன்னொருவரின் கதை தெரிந்திருந்தால் கொஞ்சம் மெலிகிறது என்பது என் அனுபவம்.

ஆகவே வாசியுங்கள். ஆனால் எதை வாசிப்பது என்று ஒரு கணக்கு வேண்டும். அனுபவம் எழுதுகிறவர் பதகளிப்பை மட்டும் எழுதினால் எனக்குச் சந்தேகம். அவர் வீட்டில் சோறு வெந்ததா, கடன் கட்டினாரா, யாரோடு சண்டை பிடித்தார், இதெல்லாம் இடையிடையே வரவேண்டும். “நான் வென்றேன்” வகை வேண்டவே வேண்டாம். வெல்லாத நாட்களில் அந்தப் புத்தகம் உங்களை முறைக்கும்.

இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்து நோய்க்குறிகளைத் தேடுவது வாசிப்பில் சேராது. பத்து நிமிடம் நிம்மதி தரும், பதினோராவது நிமிடம் இன்னொன்றைத் தேடச் சொல்லும். நான் எனக்கு வைத்திருக்கும் சோதனை இது: வாசித்து முடித்ததும் கை நாடி பிடித்துப் பார்க்கப் போகிறதா, பிளேன்டீ போடப் போகிறதா?

இனி உங்கள் நாலாவது தடவை நாவல். என் மருமகள் சின்னவளாக இருக்கையில் ஒரே நரிக் கதையைத்தான் ஒவ்வொரு இரவும் கேட்பாள். களைப்பில் நான் ஓரிடம் தாண்டிவிட்டால், “மாமா, ஆத்தங்கரை இன்னும் வரல்லை” என்பாள். அடுத்து என்ன வரும் என்பதே நமக்கு வருத்தமாக இருக்கும்போது, அடுத்தது தெரிந்த ஓரிடத்தில் போய்க் கொஞ்ச நேரம் இருப்பதில் என்ன பிழை? ஒளிந்துகொள்வது என்று நான் சொல்லமாட்டேன். ரயிலை விட்டு ஓட்டோவில் போகத் தொடங்கினால், லீவு போட்டு அறைக்குள் அந்த நாவலோடு இருக்கத் தொடங்கினால், அது வேறு கதை. அப்போது டாக்டரிடம் சொல்லுங்கள்.

அந்தப் புத்தகத்தை ரயிலுக்குள் கொண்டு போங்கள். இத்தகைய திடீர்ப் பயம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, பிறகு தானாக இறங்கும். வெள்ளவத்தையில் தொடங்கினால் கொள்ளுப்பிட்டியில் மோசமாக இருக்கும், கொம்பனித்தெருவில் களைத்துப்போகும். நெஞ்சு அடிக்கட்டும். வரிகள் மூளைக்குள் போகாவிட்டாலும் பரவாயில்லை, உதட்டால் வாசியுங்கள். கடல் பக்கம் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. (கிடைக்காது. எட்டு மணி ரயிலில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய காரியம்.)

பிரித்தானியாவில், கார்டிஃப் நகரில் 2003இல் டாக்டர்மார் இந்த மாதிரி வருத்தங்களுக்குப் புத்தகத்தையே சீட்டில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். சீட்டை லைப்ரரியில் காட்டினால் எடுக்கலாம். நம்முடைய பாமசியில் நீட்டினால் “ஸ்டொக் இல்லை” என்பார்கள். அங்கேயும் புத்தகம் வைத்தியத்தோடு சேர்ந்ததுதான், ஆகவே நான் எழுதியதை வாசித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்துகளில் பல வேலை செய்யவே சில வாரம் எடுக்கும். யாரோடாவது கதைத்தே ஆகவேண்டும் என்ற இரவு வந்தால் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. ஆம், அங்கொடைதான். அந்த ஊரின் பெயரை நாம் ஏச்சாக்கி வைத்திருப்பதால் எத்தனை பேர் அழைக்காமல் இருந்தார்களோ.

அம்மா ஏசுவதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். என் அம்மா ஒவ்வொரு இரவும் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். படுத்த பிறகு எழும்பி நாலாவது தடவை. 83 ஜூலைக் கலவரத்தில் நாங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் குசினிக்குள் இரண்டு நாள் இருந்தோம், நான் சின்னப் பையன். அதன் பிறகுதான் இந்தத் தாழ்ப்பாள். “பதகளிச்சுப் போனன்” என்று வாய்க்கு வாய் சொல்வார், அதை ஒரு வருத்தமாக அவரும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. நான் வீட்டில் சிரித்தேன். பஸ்ஸில் எனக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்த நாலாவது தடவையில் அவருக்கு விரல் விறைத்ததா என்று நான் கேட்டதேயில்லை.

உங்கள் அம்மாவிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏசி முடித்துத் தேத்தண்ணி குடிக்கும் நேரம் பார்த்து, “உங்களுக்கு எப்பவாவது இப்படி வந்ததா அம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். உடனே சொல்லமாட்டார். நாவலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள்.

நாவலின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதை எனக்கு அறிய ஆசை.

அன்புடன்,
அண்ணா