ஃபங்க் இசையில் ஒரே கார்டைத்தானே சுற்றிச் சுற்றி வாசிக்கிறார்கள், அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நீங்கள் கீபோர்டு வகுப்புக்குப் போகிறவர் என்று நினைக்கிறேன். கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு, மாறினால்தான் பாட்டு நகரும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இதையே மேடையில் வைத்து என்னிடம் கேட்டவர் உண்டு.

கல்லூரிப் போட்டி. நான் பேஸ் கிட்டார். ஒரே கார்டில் ஒரு ஃபங்க் வாசித்து முடித்தோம். நடுவர் மைக்கைப் பிடித்து, "தம்பி, பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்றார். அரங்கமே சிரித்தது. எங்கள் டிரம்மர் அதற்காக ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பழகியிருந்தான். டிரம் செட்டில் இருக்கும் ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் கேட்டும் கேட்காமலும் விழும் மெல்லிய தட்டுகள் உண்டு, கோஸ்ட் நோட் என்போம். பக்கத்திலேயே பலத்த அடி விழுந்தாலும் அவை உரக்க ஒலிக்கக் கூடாது. அதை வாசிக்கிற கைக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்! நடுவர் காதில் அது விழவே இல்லை.

ஃபங்கில் எல்லாக் கருவிக்கும் தாள வேலைதான். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் குழு 1967-ல் வெளியிட்ட 'கோல்ட் ஸ்வெட்' பாட்டைக் கேளுங்கள். பெரும்பகுதி ஒரே கார்டு. முதல் அடியில் அழுத்தமாக வந்து சேர்வார்கள், அப்புறம் ஒருவர் விட்ட இடைவெளியில் இன்னொருவர் நுழைவார். அந்தக் குழுவின் ஜிம்மி நோலன் கிட்டார் கம்பியை முழுக்க அழுத்தாமல் சரக் சரக்கென்று உரசுவார். சாக்ஸபோனும் டிரம்பெட்டும் சின்னச் சின்ன வெட்டுகளாக வந்து நிற்கும். கீபோர்டுக்காரர் நீங்கள், 1972-ல் ஸ்டீவி வொண்டர் 'சூப்பர்ஸ்டிஷன்' பாட்டில் கிளாவினெட் என்ற மின் கீபோர்டை எப்படித் தட்டியிருக்கிறார் என்று கவனியுங்கள்.

என் கருவிக்கு வருகிறேன். பேஸ் கலைஞர் லாரி கிரகாம் தன் அம்மாவோடு வாசித்துவந்தபோது, ஒரு கட்டத்தில் டிரம்மர் இல்லாமல் போயிற்று. கட்டைவிரலால் கம்பியை அடித்து காலால் மிதித்து வாசிக்கும் கிக் டிரம்முக்கும், விரலால் சுண்டி இழுத்து ஸ்னேருக்கும் ஈடுகட்டினார். இன்று எல்லோரும் வாசிக்கும் ஸ்லாப் பாணி அப்படி வளர்ந்ததுதான்.

வெள்ளைக்கார மோகம் என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: இதை உருவாக்கியவர்கள் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள். நான் பேஸ் எடுத்ததே இளையராஜா பாட்டுகளைக் கேட்டுத்தான். இரண்டும் எனக்கு வேண்டும்.

'கோல்ட் ஸ்வெட்' டிரம்மர் கிளைட் ஸ்டப்பிள்ஃபீல்ட். 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் அவர் வாசித்த சில நொடிகளை வெட்டி எடுத்து எத்தனையோ ஹிப்-ஹாப் பாட்டுகளில் போட்டார்கள். பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அதனால் ராயல்டியும் இல்லை. 2017-ல் இறந்துபோனார்.

தாளம் பிடிக்கிறவனுக்கு இங்கேயும் இதே மரியாதைதான். சமீபத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனில், பந்தியில் பேச முடியவில்லை என்று யாரோ சொன்னதும் சவுண்டுக்காரர் என் சேனலை அடியோடு இறக்கிவிட்டார். பாடகர் மைக்கில் கைவைக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. கச்சேரி முடியும்வரை வாசித்தேன், வெளியே யாருக்கும் கேட்கவில்லை என்று மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போதுதான் நண்பர் சொன்னார். சம்பளம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?